வேர்க்காத பிள்ளை

பிறவியிலேயே காது கேட்காத என் மகளுக்குக் கிடைத்த காது இரண்டு பாதியாக வந்தது. ஒரு பாதியை டாக்டர்கள் மண்டைக்குள் வைத்துத் தைத்தார்கள். மறு பாதி, காதுக்குப் பின்னால் மாட்டுகிற கருவி. இரண்டும் சேர்ந்தால்தான் நான் கூப்பிடுவது அவளுக்குக் கேட்கும்.

உள்ளே இருப்பது கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறது. வெளியே இருப்பதுதான் என் உயிரை வாங்கியது. இந்தப் பாழாய்ப்போன புழுக்கத்தில் துவைத்த துணியே காயமாட்டேன் என்கிறது, கருவி எப்படித் தாங்கும்? தினமும் படுக்கும்போது கழற்றித் துடைத்து, ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு டப்பாவில் போட்டு இறுக்கி மூடுவேன். பகலெல்லாம் "ஓடாதடி, குதிக்காதடி, வேர்க்கும்டி" என்று ஒரே கத்தல்தான். அவளும் பாவம், மற்ற பிள்ளைகள் விளையாடப் போனால் வகுப்பிலேயே ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருப்பாளாம்.

"பேசாம அவளையும் டப்பாவுல போட்டு மூடிடு," என்பார் என் வீட்டுக்காரர்.

"வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்ல உங்களுக்கு," என்பேன்.

அப்படிப் பொத்திப் பொத்திப் பார்த்தும், திங்கட்கிழமை காலையில் கருவி செத்துப்போனது.

சர்வீஸ் சென்டர்க்காரர் மூடியைக் கழற்றி லென்ஸ் வழியாகக் காட்டினார். உள்ளே பச்சைப் பச்சையாகப் பூத்திருந்தது.

"ஈரம் இறங்கி அரிச்சிடுச்சு மேடம். இதைச் செஞ்ச கம்பெனியையே இழுத்து மூடிட்டாங்க. வேற எதை மாட்டினாலும் மண்டைக்குள்ள இருக்கறதோட சேராது."

"அப்ப என் பொண்ணுக்கு?"

அவர் மேஜையைப் பார்த்தார். "வேர்க்காமப் பாத்துக்கணும்னு அப்பவே சொல்லியிருப்பாங்களே."

எனக்கு வந்ததே கோபம்! "வேர்க்காத பிள்ளை எந்தக் கடையில விக்குது? சொல்லுங்க, போய் வாங்கிட்டு வர்றேன்!"

காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கத்தி என்ன ஆகப்போகிறது?

என்னோடு வந்திருந்த மகளுக்கு எதுவும் கேட்கவில்லை, ஆனால் என் முகத்தைப் பார்த்துவிட்டாள். நாற்காலியிலிருந்து இறங்கி வந்து, என் கையைப் பிடித்துத் தன் பிடரியில் வைத்தாள்.

"தொட்டுப் பாரும்மா, வேர்க்கவே இல்ல. நான் ஓடல. அந்த அங்கிள்கிட்டச் சொல்லு."

தன் குரல் தனக்கே கேட்காததால் அலறினாள்.

"உன் மேல தப்பே இல்லடி தங்கம்," என்றேன். என் உதட்டையே பார்த்தாள். மறுபடி சொன்னேன். திட்டுகிறேன் என்று நினைத்துவிட்டாள்.

"சத்தியமா ஓடலம்மா," என்று அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே, கண்ணீர் காதுப் பக்கம் போய்விடாமல் அவசர அவசரமாகத் துடைத்தாள்.