பதியுதீனின் நீண்ட சுஜூது

பதியுதீன் சுஜூதுக்குப் போனால் எழும்ப நேரமாகும் என்பது பள்ளிவாசல்துறை ஊர் முழுக்கத் தெரியும். தொழுகை முடிந்து ஆட்கள் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போன பிறகும், அவர் மட்டும் தூணோரத்தில் நெற்றியை நிலத்தில் வைத்தபடி குறுகிக் கிடப்பார். பாங்கு சொல்லும் மோதினார் நௌஃபர் விளக்குமாற்றோடு வந்து அவரைச் சுற்றிக் கூட்டிவிட்டுப் போவார்.

"அல்லாஹ்வோட அப்பிடி என்ன கதையோ, முடியிதில்ல" என்று வெளியில் நின்றவர்களிடம் வியந்து சொல்வார்.

அந்த வியப்பு கிளம்பி வீடு வீடாகப் போனது. காய்ச்சல்காரப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார் வந்தார்கள். போத்தல் தண்ணீரை நீட்டி, "ஓதி ஊதித் தாங்க நானா" என்றார்கள். மாட்டேன் என்று சொல்லத் தெரியாத மனிதர், ஓதி ஊதிக் கொடுத்தார். அவருக்குக் கணையத்தில் வருத்தம் என்று முதலில் தெரிந்தபோது, குடிகாரர்களுக்கு வருகிற நோயல்லவா என்று சிலர் வாய்க்குள் முணுமுணுத்ததுண்டு. சாராயத்தின் வாடையே அறியாதவர் அவர். அந்த நீண்ட சுஜூதுதான் அந்த வாய்களை மூட வைத்தது.

மனைவி சபூராவுக்கும் உள்ளூரப் பெருமைதான். ஒருநாள் அவர் மீன் காயவைக்கும் கருவாட்டு வாடிக்குச் சோறு கொண்டுபோகும் வரைக்கும்.

அன்று பின்னேரம், அஸர் தொழுகை முடிந்து வெகுநேரம். அதற்குப் பிறகு பொழுது சாய்ந்து மஃரிபு வரும்வரை மேலதிகத் தொழுகை கிடையாது. ஆனாலும் கருவாடு காயும் பாய்க்குப் பக்கத்தில் அவர் சுஜூதில் கிடந்தார். ஆண்கள் சுஜூதில் வயிற்றைத் தொடையில் ஒட்டாமல் வைக்க வேண்டும் என்று தன் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் சபூரா. இவரோ வயிற்றைத் தொடையோடு நசுக்கி, நடுவில் கையை முட்டி பிடித்துச் செருகியிருந்தார். வாய் எதையும் ஓதவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது.

"இது என்ன தொழுக?" என்றாள்.

"இப்பிடிக் கெடந்தாத்தான் கொஞ்சம் அடங்கிது புள்ள" என்றார், தலையைத் தூக்காமலே. "ஆருக்கும் சொல்லிராத."

அவள் சொல்லவில்லை. அந்தச் சொல்லாமை எவ்வளவு பாரம் என்று அவளுக்குத்தான் தெரியும். மாதா மாதம் கூட்டம் நெரியும் பஸ்ஸில் டவுண் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். கிளினிக்கில் மர வாங்கில் குந்தியிருந்து குந்தியிருந்து இடுப்புக் கழன்றுபோகும். கடைசியில் தாதி மிஸ் வந்து, "நானா, வலி எப்பிடி?" என்பாள். "அல்ஹம்துலில்லாஹ்" என்பார் அவர். பூச்சியத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்லச் சொன்னால், இரண்டு என்பார். மிஸ் அதை எழுதிக்கொள்வாள். அதே வலிக் குளிசை கிடைக்கும், அதே பஸ்ஸில் வீடு. அவருடைய சாரம் மட்டும் மாதத்துக்கு மாதம் இடுப்பில் தளர்ந்துகொண்டு வந்தது.

இந்த முறை கிளினிக்கில் ஒரு புது டொக்டர் இருந்தார். பெயர் நிஷாந்தினி. காலையிலிருந்து நோயாளர் பார்த்துப் பார்த்து அவருக்கும் கண் சிவந்திருந்தது. ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கணையக் குழாயில கல்லு அடைச்சிருக்கு ஐயா. கொழும்பில ஒப்பரேசன் செய்து எடுக்கலாம். ஆனா அங்க இடம் குறைவு. நோ தாங்கேலாத ஆக்களைத்தான் முதலில எடுப்பினம். உங்களுக்கு எவ்வளவு நோகுது?"

"அல்ஹம்துலில்லாஹ், டொக்டர்."

"அது நல்லது. பத்துக்கு எத்தினை?"

"ரெண்டு போடுங்க."

"போடுறதோ? கடையில சீனி வாங்குற மாதிரிக் கேக்கிறீங்கள்" என்று டொக்டர் களைப்போடு சிரித்தார். கட்டிலில் படுக்கச் சொல்லி, பெருவிரலால் முதலில் தொடையில் அமர்த்தினார். அதே அளவில் விலாவுக்குக் கீழே அமர்த்தினார். பதியுதீனின் கண் மூடியது. உதடு அசைந்தது.

"நோகுதோ?"

"ஓதுறன்."

டொக்டர் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். முகத்தைக் கொண்டு என்ன எழுதுவது? வெளியே வரிசை கதவுவரை வந்து நின்றது. அவர் பேனாவை எடுத்தார்.

பேனா தாளில் படப்போவதைச் சபூரா கண்டாள். இன்னொரு மாதம், இன்னொரு பஸ், அந்த வாங்கு எல்லாம் ஒரேயடியாக அவள் கண்முன் வந்து நின்றன.

"டொக்டர், இவரு சுஜூதுல கெடக்காரு" என்றாள்.

டொக்டருக்கு விளங்கவில்லை. "தொழுறவரோ?"

"தொழுறாரில்ல. தொழுற மாதிரி. வயித்தத் தொடையோட அமுக்கி, கைய முட்டி புடிச்சிக் குடுத்துக்கிட்டுக் கெடக்காரு. சோறு தின்டாக் கெடக்காரு. பயத்துல தின்னாம உட்டாலும் கெடக்காரு. ஊருல எல்லாரும் இவர அல்லாஹ்வோட நேசர், அவுலியா என்டு நெனச்சிக்கிட்டு இரிக்காங்க."

"சபூரா!"

ஆட்கள் முன்னால் அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. டொக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கதிரையை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எவ்வளவு நேரம் அப்பிடிக் கிடப்பீங்கள் ஐயா?"

பதியுதீன் நிலத்தைப் பார்த்தார். "அடங்கிற மட்டும்."

"எப்ப அடங்கும்?"

"சில நாளைக்கு... அஸருக்குக் குனிஞ்சா மஃரிபு பாங்கு கேக்கும்."

டொக்டர் அதற்குமேல் எண் கேட்கவில்லை. நித்திரையைப் பற்றிக் கேட்டார், சாப்பாட்டைக் கேட்டார், எந்த வேலையை விட்டுவிட்டார் என்று கேட்டார். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னதையெல்லாம் எழுதினார். "ஒப்பரேசன் செய்தால் நோ முழுக்கப் போயிடும் எண்டு நான் சொல்லமாட்டன்" என்றார். "ஆனா அனுப்பத்தான் வேணும். அனுப்புறன்."

பதியுதீன் அவளை முந்திக்கொண்டு வாசலுக்கு வந்தார். பஸ் நிலையத்தில் சபூரா தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் வாய் திறந்தார்.

"அல்லாஹ் தந்த சோதனையப் பத்தி முறைப்பாடு வச்ச மாதிரி ஆயிட்டே."

"டொக்டருக்கிட்டதானே சொன்னன். அல்லாஹ்வுக்கு முந்தியே தெரியும்."

"அந்தப் புள்ளைகளுக்கு ஓதி ஊதினன். அதெல்லாம்?"

"புள்ளைகளுக்குக் காச்சல் விட்டதுதானே. அத நீங்க திருப்பி வாங்கவா போறீங்க?"

அவர் சிரிக்கவில்லை. ஆனாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

பாலாவிச் சந்தி தாண்டியபோது நோ வந்தது. முன் சீற்றின் கம்பியில் நெற்றியை வைத்து, கைமுட்டியை வயிற்றுக்குள் கொடுத்துக் குனிந்தார். அடுத்த பஸ் தரிப்பில் மீன் பெட்டியோடு ஏறினான் பஸ்தியான். வாடிக்கு மீன் கொண்டுவந்து கொடுக்கிறவன், ஊரையே பகிடி பண்ணுகிறவன்.

"என்ன நானா, பஸ்ஸுலயும் தொழுகையா? எங்களுக்கும் ரெண்டு வார்த்த சேத்துச் சொல்லுங்க!"

பின் சீற்றில் யாரோ சிரித்தார்கள். சபூரா வாயைத் திறந்தாள். அவள் கையில் அவருடைய கை வந்து விழுந்தது. பேசாதே என்கிறாராக்கும் என்று நினைத்து அடங்கினாள்.

"தொழுக இல்ல பஸ்தியான்" என்றார் பதியுதீன், தலையைத் தூக்காமலே. "வயித்து நோ. பொல்லாத நோ."

பஸ்தியானின் சிரிப்பு பாதியில் நின்றது. மீன் பெட்டியைக் காலால் ஒதுக்கிவிட்டு, அவர் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "டிரைவர் மல்லி, பள்ளத்தப் பாத்து எடுங்க, இங்க ஒரு நோயாளி இரிக்காரு!" என்று முன்பக்கம் பார்த்துச் சத்தம் போட்டான்.

பஸ் மெதுவாகியது. சபூரா கணவரின் முதுகில் ஒரு கையை வைத்துக்கொண்டு, ஜன்னலில் தலையைச் சாய்த்தாள். கடலோரக் களப்புக் காற்று முகத்தில் அடித்தது. கண் சொக்கிக்கொண்டு வந்தது. இன்றைக்கு அவள் எதையும் மறைத்து வைத்திருக்கத் தேவையில்லை. தூங்கிவிட்டாள்.