காய்ந்திருந்த சட்டை

அவருடைய முதுகில் கை வைத்தேன். சட்டை காய்ந்திருந்தது. இன்றைக்கும் நினைத்தால் தூக்கிவாரிப் போடுவது அதுதான். பகல் இரண்டு மணி. மொட்டை மாடியில் இலை அசையவில்லை. ஒரு மாடி ஏறி வந்ததற்கே எனக்குத் தலையிலிருந்து கால் வரை தெப்பலாக நனைந்துவிட்டது. காலை ஒன்பதிலிருந்து பந்தலுக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்த மனிதரின் உடம்பில் ஒரு பொட்டு வியர்வை இல்லை. தொட்ட கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். இஸ்திரிப் பெட்டியின் அடியைத் தொட்டதுபோல் இருந்தது. இரும்புக் குழாய் ஒன்றை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி சுவரைப் பார்த்து நின்றிருந்தார்.

"என்னங்க?" என்றேன்.

திரும்பினார். கண் என் மேல்தான் இருந்தது. ஆனால் அதில் நான் இல்லை.

"பெல்ட்ட விட்றாத. ஆறாவது மாடி. விட்றாத," என்றார்.

என் வீட்டுக்காரர் ஏ.சி. மெக்கானிக். ஊருக்கெல்லாம் குளிர் ஏற்றிவிட்டு வருகிறவர் வீட்டில் இருப்பது ஒற்றை மின்விசிறி. அதுவும் வேகம் கூட்டினால் சத்தத்தைத்தான் கூட்டும். மேல் தளத்தில் ஒரு அறையும் சமையலறையுமாக எங்கள் வீடு. பகலெல்லாம் கூரை வாங்கிய வெயில் சாயங்காலம் அறைக்குள் இறங்கும். அதற்கு நேர் கீழேதான் என் தையல் மிஷின். பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறேன். வெள்ளைத் துணியில் வியர்வை சொட்டினால் கறை. அதனால் கழுத்தில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு தைப்பேன். போன வருடம் ஒரு முடிவுக்கு வந்தேன். மிஷினுக்கு நேர் மேலே, மாடியில், தரையே தெரியாத அளவுக்குச் செடி வைப்பது. "செடி வச்சா ரூம் குளிருமா? அப்ப எங்க பொழப்பு என்னாவறது?" என்று அவர் சிரித்தார்.

முதல் தடவை ஆசைப்பட்டதையெல்லாம் வாங்கினேன். ரோஜா, சாமந்தி, பிறகு வாசனைக்காக மட்டும் இரண்டு லாவெண்டர். ரோஜா இலை ஓரமெல்லாம் கருகி நின்றது. லாவெண்டர் வெயிலில் சாகவில்லை, புழுக்கத்தில் செத்தது. அடித்தண்டு கறுத்து, பிடித்து இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. நர்சரிக்கார அக்காவிடம் போய்ச் சண்டை பிடித்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. வெயில் எத்தனை மணி நேரம் விழும் என்று கேட்பார் என நினைத்தேன். "காத்து வருமா உங்க மாடில?" என்றுதான் கேட்டார். "நம்ம ஊர் வெயிலத் தாங்கற செடி நெறைய இருக்கு. இந்தக் கசகசப்பத் தாங்கறதுதான் கம்மி. பூவப் பாத்து மயங்காதீங்க, இலையப் பாருங்க." சதைப்பற்றான இலையோ பளபளப்பான கெட்டி இலையோ உள்ளதாகத் தேடித் தேடிக் கொடுத்தார். டேபிள் ரோஸ், வெட்சி, காகிதப்பூ, கற்பூரவல்லி. நித்தியகல்யாணிக்குத் தலையில் தண்ணீர் ஊற்றக் கூடாது, வேரில்தான் ஊற்ற வேண்டும். தொட்டியும் தொட்டியும் ஒட்டக் கூடாது, இடையில் ஒரு ஆள் நடக்கிற இடைவெளி வேண்டும். டேங்க் தண்ணீரை அப்படியே பிடித்து ஊற்றினால் வேர் வெந்துவிடும். அதற்காகவே படிக்கட்டு நிழலில் ஒரு டிரம் வாங்கி வைத்து, முந்தின நாளே நிரப்பி ஆறவிட்டு ஊற்றினேன்.

அதற்குப் பிறகு செத்தவை குறைவு. கடைசி ஒரு மாதமாக அவரே சாயங்காலம் ஒரு செடியோடு வந்துகொண்டிருந்தார். "கஸ்டமர் வீட்ல குடுத்தாங்க," என்பார். யாருக்கு இத்தனை தாராள மனசு என்று நான் யோசிக்கவே இல்லை. கிண்டல் செய்துகொண்டிருந்த ஆளுக்குப் புத்தி வந்ததே என்று பூரித்துப்போய், பக்கத்து வீடுகளில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வானம் மூடிக் கிடந்தது. மேற்குச் சுவரோரம் சங்குப்பூக் கொடிக்குப் பந்தல் போட வேண்டும் என்று இரண்டு வாரமாக நச்சரித்தது நான்தான். "மேகமா இருக்கு, இன்னிக்கே முடிச்சிடறேன்," என்று ஏறினார். எனக்குத் தெரியும். இந்த மாதிரி மூடாப்பு நாளில்தான் செடி துவளும். மண் ஈரமாகவே இருக்கும், இலை மட்டும் தொங்கும். காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் இலை மூச்சுவிட முடியாது. வெயில் இல்லையே என்று நம்பி விட்டுவிடக் கூடாது. ஒரு வருடமாக இதைப் பாடம்போல வைத்திருந்தவள் நான். தொட்டிகளைப் பார்த்துத் தெரிந்துகொண்டேனே தவிர, மனுஷனுக்கும் அதுதான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பதினொரு மணிக்கு மோர் கொண்டுபோனபோது "வேணாம், வயித்தப் பெரட்டுது" என்றார். வைத்துவிட்டு இறங்கி வந்து காலர் தைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு மணிக்குக் குழாயிலிருந்து அவர் கையை ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன். கால் மடங்கியது. தாங்கப் பார்த்தேன், முடியவில்லை, இருவருமாக உட்கார்ந்தோம். தண்ணீர்க் குழாயை எட்டித் திறந்தேன். அந்த மூடாப்பிலும் காய்ச்சினது போலக் கொதித்துக்கொண்டு வந்தது. அப்போதுதான் டிரம் ஞாபகம் வந்தது. செடிக்கென்று ஆறவைத்த தண்ணீர். படிக்கட்டு நிழலுக்கு அவரை அக்குளில் கைகொடுத்து இழுத்துப் போனேன். தொட்டிகளுக்கு நடுவே விட்டிருந்த இடைவெளி வழியாகத்தான் இழுத்தேன். குவளை குவளையாகத் தலையில், மார்பில், அக்குளில் ஊற்றினேன். துணி வெட்டுகிற அட்டையை எடுத்து வந்து விசிறினேன். கத்தினேன் போலிருக்கிறது. கீழ்வீட்டு டிரைவர் அண்ணன் ஓடி வந்தபோது என் குரலே எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவருடைய வேனில் படுக்கவைத்து, ஜன்னலெல்லாம் திறந்துவிட்டு, வழி நெடுக ஈரத் துணியை மாற்றிக்கொண்டே போனோம்.

"உடம்புச் சூடு நாப்பத்தொண்ணு டிகிரி. காய்ச்சல் கணக்குல நூத்தி ஆறு," என்றார் மருத்துவமனை டாக்டர். பெண் டாக்டர், என்னைவிடச் சின்னவர். "தண்ணி ஊத்தினதுதான் காப்பாத்திச்சு. இன்னும் கால் மணி நேரம் விட்டிருந்தா..." என்று சொல்லிக்கொண்டு வந்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பிறகு கேட்டார்: "இதுக்கு முன்னாடி மயக்கம் போட்டிருக்காரா?"

"இல்ல," என்றேன். உறுதியாகத்தான் சொன்னேன்.

தகவல் கேட்டு அவருடைய கூட்டாளி வந்தான். வேலையிடத்தில் அவனுக்கு ஸ்பேனர் என்று பெயர். தன் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே எங்கள் வீட்டில் சாப்பிடுகிறவன். நடைக்கூடத்தில் என்னெதிரே நின்றுகொண்டு சாவிக்கொத்தை உருட்டினான்.

"பெல்ட் பெல்ட்டுன்னு பொலம்பறாருடா. ஆறாவது மாடிங்கறாரு. என்னடா அது?"

"அண்ணி, அவரு சொல்லலியா உங்ககிட்ட?" என்றான்.

ஐந்து வாரத்துக்கு முன்னால் ஆறாவது மாடிச் சுவருக்கு வெளியே ஏ.சி. மாட்டும்போது அவர் மயங்கிச் சரிந்திருக்கிறார். இடுப்பு பெல்ட்டில் தொங்கியிருக்கிறார். ஸ்பேனர்தான் பெல்ட்டைப் பிடித்து உள்ளே இழுத்தானாம். அதற்கு முந்தின வாரமும் ஒரு தடவை தலைசுற்றி உட்கார்ந்திருக்கிறார். பெல்ட்டில் தொங்கிய அன்றைக்கே கம்பெனியில், இனி வெயிலில் ஏற வேண்டாம், உடம்பைக் காட்டிவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அவர் எங்கேயும் காட்டவில்லை.

"டெய்லி காலைல டூல்ஸ் பையோடதானடா போறாரு?" என்றேன்.

"நர்சரிக்குப் போறாரு அண்ணி. நீங்க செடி வாங்கற அதே எடம். பச்ச வல கட்டியிருக்கு, நெழலா இருக்கு, உக்காந்துக்கிட்டே செய்யற வேலன்னாரு. தொட்டிக்கு மண்ணு ரொப்பறாரு. உங்ககிட்ட அவரே சொல்லிடறேன், நீ சொல்லாதன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு."

அதே இடம். போன புதன்கிழமை நான் அங்கே போனேன். அரை மணி நேரம் நின்று, வெட்சி விலை கேட்டுவிட்டு, வேப்பம் பிண்ணாக்கு மட்டும் வாங்கினேன். வழக்கமாக வாய் ஓயாத நர்சரிக்கார அக்கா அன்றைக்குப் பேச்சே கொடுக்கவில்லை. தேங்காய் நார்க்கழிவு மூட்டைகள் அடுக்கிய பக்கம் நான் திரும்பியபோது, "அங்க தேளு இருக்கு, போவாதீங்க" என்றார். நானும் காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்து வந்தேன். அந்த மூட்டைகளுக்குப் பின்னால்தான் குனிந்து உட்கார்ந்திருந்திருக்கிறார். பதினெட்டு வருடம் பக்கத்தில் படுத்த மனிதர், என் குரலைக் கேட்டு மூச்சை அடக்கிக்கொண்டு. அன்று சாயங்காலம் அவர் கொண்டுவந்த வெட்சியைப் பார்த்து, "நான் இதத்தான் வாங்கணும்னு நெனச்சிட்டு வந்தேன், எப்டிங்க தெரிஞ்சிது?" என்று கேட்டேனே. பெருமையாகச் சிரித்தாரே. நடைக்கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. செவிட்டில் அறை வாங்கினால் காதில் ஒரு ரீங்காரம் கேட்குமே, அதுமட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

டாக்டர் திரும்ப வந்து, சிறுநீரகத்தை இன்னும் இரண்டு நாள் கவனிக்க வேண்டும் என்றார். "ஒரு தடவ இப்படி ஆன ஒடம்பு பழையபடி சூடு தாங்காது. மாசக்கணக்குல ஜாக்கிரதையா இருக்கணும். வெயில்ல செய்யற வேல ஏதாவது பாக்கறாரா?" என்று கேட்டார். ஸ்பேனர் என்னைப் பார்த்தான். நான் என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை.

மறுநாள் காலை அவருக்குத் தெளிந்தது. முதலில் சுவரிலிருந்த ஏ.சி.யைத்தான் பார்த்தார். கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார். "ஃபில்டர் அடைச்சிருக்கு. யாரும் கழுவறதில்ல," என்றார். நர்ஸ் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. அவர் என் பக்கம் திரும்பினார். என் முகத்தில் எதைப் பார்த்தாரோ, வாயைத் திறந்தார்.

"அந்த நர்சரி..." என்று ஆரம்பித்தார்.

"பேசாதீங்க. பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

அப்படி யாரும் சொல்லவில்லை.

நர்ஸ் கொடுத்த கிண்ணத்தில் தண்ணீர் பிடித்து வந்து, அவர் கையைத் துடைக்க உட்கார்ந்தேன். இத்தனை வருடமும் அந்த நகக்கண்களில் நான் பார்த்தது கிரீஸின் கறுப்பு. இப்போது பத்து விரலிலும் செம்மண் ஏறியிருந்தது. ஐந்து வாரமாக என் பக்கத்தில் உட்கார்ந்து சோறு பிசைந்த கைதான். நான் கவனிக்கவே இல்லை. அவர் கையை உள்ளுக்கு இழுத்துக்கொள்ளப் பார்த்தார். நான் விடவில்லை. சிறிது நேரம் இருவரும் எதிரெதிரே இழுத்துக்கொண்டிருந்தோம். பிறகு அவரே விரல்களை விரித்துக் கொடுத்தார். துணி நுனியைத் திரித்து ஒவ்வொரு நகமாகத் துடைத்தேன். கிண்ணத்துத் தண்ணீர் மெல்லச் சிவந்துகொண்டிருந்தது.