ஆறு கோடுகள்

எங்கள் வீட்டில் 'இல்லை' என்று சொல்லிவிட்டுச் சுலபமாகத் தப்பிக்க முடியாது. பால் இல்லை என்று நான் சொன்னால், "பார்த்துட்டு இல்லையா, பார்க்காமலே இல்லையா?" என்று அடுத்த அறையிலிருந்து கேள்வி வரும். கேட்பவள் என் மனைவி. பெரும்பாலும் நான் பார்க்காமல்தான் சொல்லியிருப்பேன். அது அவளுக்கும் தெரியும். பதினோரு வருடக் குடித்தனத்துக்குப் பிறகும் என்றாவது ஒருநாள் பார்த்துவிட்டுச் சொல்வேன் என்ற நப்பாசையில் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

இது அலுவலகத்திலிருந்து வீட்டுக்குள் வந்த வியாதி. இருவருக்கும் ஒரே அலுவலகம். எந்தத் தொழிற்சாலை, எந்தப் பட்டறை, எந்தக் கடை என்ன நச்சு ரசாயனத்தை எவ்வளவு காற்றில் விடுகிறது என்று பார்த்துப் பதிவேட்டில் ஏற்றுவதும், அதைக் குறைக்க வழி சொல்வதும் எங்கள் வேலை. அவள் அளக்கிறவள். கருவிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு படி ஏறி இறங்குவாள். நான் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாதவன். அவளும் மற்றவர்களும் கொண்டுவரும் எண்களை அட்டவணையாக்கி, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் போடுகிறவன். "அண்ணி ஊரையே சுத்தி வர்றாங்க, அண்ணன் நாற்காலியைத்தான் சுத்திச் சுத்தி உக்கார்றான்" என்று என் தங்கை சொல்வாள். அவளுக்கு வாய் நீளம்.

எங்கள் அட்டவணைக்கு ஒரு விதி உண்டு. அளந்து பார்த்து ஒன்றும் இல்லையென்றால் பூஜ்யம் போட வேண்டும். அளக்கவே இல்லையென்றால் ஒரு சின்னக் கோடு. இதை விளக்கிக் கையேடு எழுதியவன் நான். புதிதாகச் சேருகிறவர்களுக்கு வகுப்பெடுக்கிறவனும் நான்தான். கோட்டுக்கும் பூஜ்யத்துக்கும் வித்தியாசம் தெரியாதவன் இந்த வேலைக்கு லாயக்கில்லை என்று மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசியிருக்கிறேன். கைதட்டல்கூட வாங்கியிருக்கிறேன்.

அந்த வருடம் டிரை கிளீனிங் கடைகளை எடுத்துக்கொண்டோம். தண்ணீர் படாமல் துணியில் கறை எடுக்க ஒரு திரவம் ஊற்றுவார்கள். கடைக்காரர்கள் அதைப் பெர்க் என்பார்கள். வாசனை லேசாகத் தித்திக்கும். அதை நாள் முழுக்கச் சுவாசிப்பது யாருக்கும் நல்லதில்லை, வயிற்றில் பிள்ளை இருக்கிறவளுக்குச் சுத்தமாக நல்லதில்லை. நாற்பத்தோரு கடைகள். அட்டவணை வெளியாகி ஒரு மாதம் ஆகியிருந்தது. இரண்டாவது சுற்றுக்குக் கிளம்புவதற்காக அதை அச்செடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி, காலை டீ ஆறுவதற்குள் என் மேஜைக்கு வந்து நின்றாள்.

"முப்பத்தேழாவது வரிசைல யாருங்க ஜீரோ போட்டது?"

"நீதானே போட்டிருப்பே?"

"நான் கோடு போட்டேன். அது நம்ம கடை. நாத்தனார் கடையை நானே போய் அளந்தா நாளைக்கு நாலு பேர் நாலு விதமா பேசுவாங்கன்னு மூக்கர்கிட்ட விட்டேன். அவர் கால் சுளுக்கி லீவுல போயிட்டார். யாருமே அளக்கல."

மூக்கர் என்பவர் என் மனைவியைப்போல் அளக்கப் போகிறவர். வாசலில் நின்று மோந்தே எந்தக் கடையில் எது கசிகிறது என்று சொல்லிவிடுவார் என்பதால் அந்தப் பெயர்.

"ஏதாவது தட்டச்சுப் பிழையா இருக்கும்" என்று மழுப்பினேன்.

"ஆறு இடத்துலயுமா? ஆறு கடைக்குக் கோடு போட்டோம். ஆறும் ஜீரோவா இருக்கு. பெர்க் ஓடுற கடைல ஜீரோ வருமாங்க? உங்களுக்குத் தெரியாததா?"

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. வெளியிட வேண்டிய கடைசி நாள். கீழே சராசரி வர வேண்டிய கட்டத்தில் எண் வராமல் 'பிழை' என்று சிவப்பாக வந்துகொண்டிருந்தது. கோடு எண் இல்லையே, அந்த ஷீட்டுக்கு அதைக் கூட்டத் தெரியவில்லை. இயக்குநர் இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார். இப்போதைக்கு எல்லாக் கோட்டையும் பூஜ்யமாக்குவோம், சராசரி வந்ததும் திரும்ப மாற்றிக்கொள்வோம் என்று ஒரே தட்டில் மாற்றினேன். சராசரி வந்தது. அழகாக, குறைவாக வந்தது. அந்தச் சந்தோஷத்தில் மற்றதை மறந்தே போனேன். கையேடு எழுதியவனே செய்த காரியம் இது.

"நான்தான்" என்றேன்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, "அங்கே இப்ப மெஷின்ல யார் நிக்கிறா?" என்று மட்டும் கேட்டாள்.

தங்கைக்கு அது ஐந்தாவது மாதம். விஷயம் தெரிந்த அன்றே, இனிமேல் நீ முன்னால் உட்கார்ந்து துணி வாங்கிக் கொடுத்தால் போதும் என்று மாப்பிள்ளை பின் அறைக்கு ஒரு ஆளை வைத்திருந்தார். அந்த ஆள் வேறு கடைக்குப் போய்விட்டதாகப் போன வாரம் அவள் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். இன்னொரு ஆள் தேடுகிறீர்களா என்று நான் கேட்கவில்லை. அலுவலகத்தில் தலைக்கு மேல் வேலை என்று போனை வைத்துவிட்டேன்.

உடனே அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மாப்பிள்ளைக்கு அழைத்தேன், அவரும் எடுக்கவில்லை. மெஷின் ஓடினால் அவர்களுக்கு ஒன்றும் காதில் விழாது.

இயக்குநரிடம் போய் நின்று ஒளிக்காமல் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"வகுப்பெல்லாம் எடுப்பீங்களே" என்றார். பிறகு, "அட்டவணையை இப்பவே எடுக்கச் சொல்றேன். மத்த அஞ்சு கடைக்கும் நானே பேசறேன். நீங்க கிளம்புங்க. திரும்பி வாங்க, அப்புறம் உங்களை வச்சுக்கறேன்."

மூக்கர் அன்றைக்குத்தான் வேலைக்குத் திரும்பியிருந்தார். நொண்டிக்கொண்டே எங்களோடு வண்டியில் ஏறினார். என் மனைவி ஒரு சிக்னலில் என் முழங்கால்மேல் கையை வைத்து, "ஆட்டாதீங்க, வண்டியே ஆடுது" என்றாள். கையை எடுக்கவில்லை.

கடை ஒரு செருப்புக் கடைக்கும் சாவி போடுகிறவனுக்கும் நடுவில் இருக்கிறது. கண்ணாடிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். என் அட்டவணைதான். முப்பத்தேழாவது வரிசையை மஞ்சள் பேனாவால் தீட்டி, மேலே கொட்டை எழுத்தில் 'எங்கள் கடைக் காற்றில் நச்சு பூஜ்யம்' என்று மாப்பிள்ளை எழுதியிருந்தார். கீழே 'தயாரித்தவர்' என்ற இடத்தில் என் பெயர். அதற்கும் மஞ்சள் அடித்திருந்தார்.

மூக்கர் வாசலிலேயே நின்று மூச்சை இழுத்தார். "கசியுது" என்றார்.

என் மனைவி யாருக்கும் காத்திராமல் உள்ளே போனாள். பின் அறையில் தங்கை தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மெஷினிலிருந்து கோட்டுகளை எடுத்து ஹேங்கரில் மாட்டிக்கொண்டிருந்தாள். வயிறு மெஷின் கதவில் இடிக்காமல் இருக்க உடம்பைச் சற்றுத் திருப்பி நின்றிருந்தாள். அந்த நிற்பை என்னால் பார்க்க முடியவில்லை.

"வாங்க அண்ணி. என்ன, நாற்காலியே எழுந்து வந்திருக்கு?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"நீ முதல்ல வெளியே வா" என்றாள் என் மனைவி.

"இந்தக் கோட்டை மட்டும்..."

"கோட் கிடக்கட்டும். வாம்மா."

அவளை வாசலுக்குக் கூட்டிவந்து செருப்புக்கடைக்காரரின் ஸ்டூலைக் கேட்டு வாங்கி, காற்று வரும் பக்கமாக உட்கார வைத்தோம். இஸ்திரி மேஜையிலிருந்து மாப்பிள்ளை ஓடிவந்தார். மூக்கர் கைவிளக்கோடு உள்ளே போய்விட்டார். எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். நான் தங்கையின் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.

"அந்த ஜீரோ தப்பும்மா. இங்க யாரும் வந்து அளக்கல. கோடு போட வேண்டிய இடத்துல நான் ஜீரோ போட்டுட்டேன். கூட்டல் வரலைன்னு போட்டேன். திருத்த மறந்துட்டேன்."

மாப்பிள்ளைக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. "மச்சான், அந்த ஷீட்டை நம்பித்தான் நான் வேற ஆள் தேடல. புது மெஷின், கசியாதுன்னு நினைச்சேன், நீங்களும் ஜீரோன்னு போட்டிருந்தீங்க. மூணு வாரமா இவதான் உள்ளே நிக்கிறா" என்றார். மரியாதையாகத்தான் பேசினார். பேசி முடித்ததும் போய் அந்தத் தாளைக் கதவிலிருந்து உரித்தார். பசை வலுவாக இருந்தது. பாதி கிழிந்து பாதி கண்ணாடியிலேயே நின்றுவிட்டது.

தங்கை கோபப்படவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தாள்.

"அந்த ஷீட்ல அடியில பொடி எழுத்துல நிறைய இருந்துச்சு, அண்ணா. நான் எதையும் படிக்கல. உன் பேரு இருந்துச்சா, அதோட நிறுத்திட்டேன்."

ஓங்கி ஓர் அறை கொடுத்திருக்கலாம் அவள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். சின்ன வயதில் கணக்குப் பாடத்தில் என் விடையைப் பார்த்து எழுதித் தப்பு வாங்கியவள். அப்போதும் டீச்சரிடம் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

மூக்கர் வெளியே வந்தார். மெஷின் கதவைச் சுற்றியிருக்கும் ரப்பர் இரண்டு இடத்தில் வெடித்திருக்கிறது என்றார். மாப்பிள்ளை மெஷினை நிறுத்தினார். ஆனால் இத்தனை நாள் உள்ளே எவ்வளவு இருந்தது என்று தெரிய வேண்டுமே. அதற்காக மறுநாள் ஒருநாள் மட்டும் மெஷினை ஓடவிட்டு, மூக்கரே முகமூடி போட்டுக்கொண்டு, காற்றில் இருப்பதை அளக்கும் பேட்ஜைச் சட்டைக் காலரில் குத்திக்கொண்டு, தங்கை செய்யும் வேலையை ஒன்றுவிடாமல் ஒரு முழுநாள் செய்தார். சுளுக்குக் காலோடு. எங்கள் வேலையில் அது வழக்கமே கிடையாது. கேட்டதற்கு, "நான் ஒழுங்கா லீவு போடாம இருந்திருந்தா கோடே விழுந்திருக்காதே சார்" என்றார். அவருக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அன்று மாலை ஒரு கோட்டின் பொத்தானைப் பிய்த்துவிட்டு மாப்பிள்ளையிடம் பாட்டும் வாங்கினார்.

அந்த வாரம் தங்கைக்கு ஆறுதல் சொல்லாத ஆள் இல்லை. ஒண்ணும் ஆகாது என்று அவள் மாமியார் தினமும் சொன்னார். ஸ்கேன் எடுத்த டாக்டர், இதுவரைக்கும் நன்றாகத்தான் இருக்கிறது, கவலைப்படாதீர்கள் என்றார். மாப்பிள்ளை முன்னால் துணி வாங்க ஒரு ஆளை வைத்துவிட்டு, ரப்பர் மாற்றும்வரை பின் அறைக் கதவைத் திறக்கவே மாட்டேன் என்று பூட்டிச் சாவியையும் அவளிடமே கொடுத்துவிட்டார். நான் மட்டும் போன் செய்யாமல் இருந்தேன். எண் கையில் வரட்டும், பிறகு பேசுவோம் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

நான்காம் நாள் மத்தியானம் ஆய்வகத்திலிருந்து எண் வந்தது. எச்சரிக்கை அளவென்று நாங்கள் வைத்திருப்பதைப்போல் இரண்டரை மடங்கு. முப்பத்தேழாவது வரிசையில் அதை நானே ஏற்றினேன். மூன்று முறை சரிபார்த்தேன். என் மனைவி பின்னால் நின்று நான்காவது முறை சரிபார்த்தாள்.

"நீங்களே சொல்லுங்க" என்றாள். "வேற யார் சொன்னாலும் சரியா இருக்காது."

தங்கை முதல் மணியிலேயே எடுத்தாள்.

"வந்துடுச்சா?"

சொன்னேன்.

"அது அதிகமா அண்ணா?"

"அதிகம்தாம்மா."

அவளுக்குப் பின்னால் எங்கோ மாமியார் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்.

"குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

ஒண்ணும் ஆகாது என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லிவிட்டால் அவளுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. மூன்று வாரம்தானே, நீ நல்ல ஆரோக்கியம்தானே, ஆயிரம் பேர் இப்படி இருந்து நல்லபடியாகப் பெற்றிருக்கிறார்களே என்று அடுக்க எனக்கு வாய்க்குப் பஞ்சமில்லை. எதிரே என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். அவள் எதுவும் சைகை காட்டவில்லை.

"தெரியலம்மா" என்றேன். "மூணு வாரத்துல என்ன ஆகும்னு யாரும் பார்த்துச் சொன்னதில்ல. ஒண்ணும் ஆகாம இருக்கத்தான் நிறைய வாய்ப்பு. ஆனா நிச்சயமா எனக்குத் தெரியல."

நானே செய்துவிட்டு நானே பயமும் காட்டுகிறேன். அவள் போனை வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைத்தால் நியாயம்தான்.

அவள் அழ ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் அழுதுவிட்டு மூக்கை உறிஞ்சினாள்.

"நாலு நாளா எல்லாரும் ஒண்ணும் ஆகாதுங்கிறாங்க. நான் பயந்தா எல்லாரும் மூஞ்சியைத் திருப்பிக்கிறாங்க. பயமா இருக்குன்னு சொல்ல எனக்கு ஒரு ஆள் கிடைக்கல, அண்ணா" என்றாள். "உனக்கும் பயமா இருக்கா?"

"ரொம்ப."

"அப்ப கிளம்பி வா. வந்து என் பக்கத்துல உக்காரு."

"இப்பவா? ஆபீஸ்ல..."

"இப்பவே வா."

நாற்காலியை விட்டு எழுந்தேன்.