ஆற்றில் அலசிய துணி

ஈரத்துணியைப் பிழிந்தபடி ஆற்றிலிருந்து ஏறி வந்து கட்டிலருகே நின்ற பிறகுதான் ரேலினுக்கு உறைத்தது. அப்பாவின் நெஞ்சு அசையவில்லை.

ஆக்சிஜன் இயந்திரம் மட்டும் புஸ், புஸ் என்று ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தை மூச்சென்று நம்பித்தான் அவர் முகத்தையும் கழுத்தையும் துடைத்திருந்தாள். பிறகு போய்த் துணியை ஆற்றில் அலசியிருந்தாள். கூரைச் சூரிய மின்தகடுகளில் ஓடும் இயந்திரம் அது. "அணைய ஒடச்சா கரண்டு இல்லாம இருட்டுல சாவீங்கடான்னு ஓரிகன் பண்ணைக்காரனுங்க சொன்னானுங்க. பாருடி, வெயில்லயே மூச்சு விடுறேன்" என்று நேற்றுகூட அப்பா சிரித்தார்.

அவர்கள் பழங்குடி வழக்கப்படி, இறந்தவரைத் தொட்டவர்கள் ஐந்து நாள் ஆற்றில் கைவைக்கக் கூடாது. புது மீன் தின்னக் கூடாது. மீறினால், கடலிலிருந்து ஆற்றில் ஏறும் சால்மன் மீன் வந்த வழியே திரும்பிவிடும். அணை எழும்பி நூறு வருஷமாக இந்த ஊருக்கு ஒரு மீனும் ஏறவில்லை. அணையை இடித்த பிறகு இதுதான் முதல் பருவம். கீழே, அவள் துணி அலசிய அதே தண்ணீரில், க்ளைட் சித்தப்பா விடியற்காலையிலிருந்து முதல் மீனுக்காக வலையோடு நிற்கிறார்.

டோரீன் அத்தை உருளைக்கிழங்குச் சட்டியோடு உள்ளே வந்தாள். தம்பியின் முகத்தைப் பார்த்தாள். சட்டியை வைத்துவிட்டு இயந்திரத்தை நிறுத்தினாள். வீட்டில் அப்படியொரு அமைதியை ரேலின் கேட்டதில்லை.

"எப்பம்மா?"

"தெரியல அத்தே."

"மூஞ்சி பளிச்சுனு இருக்கு. நீயா தொடச்ச?"

ரேலின் துணியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"எங்கடி அலசின?"

"ஆத்துல... சத்தியமா தெரியாது அத்தே, மூச்சு சத்தம் கேட்டுச்சு. மீன் திரும்பிப் போயிருமா? அப்பா இருவது வருசம் இதுக்குத்தான அலைஞ்சாரு? நான் கெடுத்துட்டேனா?"

அத்தை துணியை அவள் கையிலிருந்து பிடுங்கினாள். குடத்து நீரில் நனைத்து, போர்வையை விலக்கி, தம்பியின் பாதங்களைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"கால விட்டுட்ட பாரு. இவனுக்கு எப்பவும் காலுதான் அழுக்கு."

"அத்தே, நீ தொடாத! இன்னிக்கு மீன் சுடுற வேல உன்னோடது."

"பக்கத்து வீட்டு மார்வா சுடுவா. கருக்கித் தொலைப்பா. தொலைக்கட்டும், திங்கப்போறது நாம இல்லையே." விரலிடுக்குகளை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். அவள் மூக்கிலிருந்து நீர் சொட்டியது, துடைத்துக்கொள்ளவில்லை.

வெளியே யாரோ ஓடி வரும் சத்தம். ரேலின் சன்னலுக்கு ஓடினாள். க்ளைட் சித்தப்பா. இடுப்புவரை ஈரம், முழங்கையெல்லாம் செதில் மின்னியது.

"வெர்னன் அண்ணே!"

அத்தை சன்னலில் தலையை நீட்டினாள். "அங்கயே நில்லுடா. உள்ள வராத."

"ஏன், தூங்குறாரா? எழுப்பு!"

"நீ மீனத் தொட்ட கை. உள்ள வரக் கூடாது."

சித்தப்பா வேலிக்கதவைப் பிடித்தபடி நின்றார். அத்தையைப் பார்த்தார், ரேலினைப் பார்த்தார். பிறகு அப்பாவின் கட்டில் இருக்கும் பக்கம் திரும்பி, இரண்டு கைகளையும் மெல்ல உயர்த்தி, மீன் இவ்வளவு நீளம் என்று விரித்துக் காட்டினார். காட்டிக்கொண்டே நின்றார்.