இழுத்துப் பார்க்கிற குழந்தை

…இல்லை, அது வெறும் பழக்கம், பழக்கத்துக்கு அன்பு என்றோ அன்பில்லை என்றோ எப்படிப் பெயர் வைப்பது, வினிதா குழந்தையை மடியில் சரித்து மாரோடு சேர்த்தாள், வாய் பற்றியது, பற்றியதும் அவள் உடம்பு தானாக ஒரு நூல் பின்னால் போய் வந்தது, சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்க்க. எட்டு வருடமாகக் கம்பெனியில் வண்டிக்கான ஒயர்களைக் கனெக்டரில் செருகுகிறவளுக்கு அப்படித்தான் வரும். செருகு, கிளிக் என்று சத்தம் கேட்கிறதா பார், பிறகு லேசாக இழுத்துப் பார்… இழுத்துப் பார்க்காமல் விட்ட ஒயர் என்றைக்காவது ஓடுகிற வண்டியில் கழன்றுகொள்ளும் என்று சேர்ந்த புதிதில் சூப்பர்வைசர் சொன்னார், அது கைக்குள் போய்விட்டது, அதன்பின் தலைக்கு வேலையில்லை. வீட்டில் தாழ்ப்பாள் போட்டாலும் இழுத்துப் பார்ப்பாள், சிலிண்டர் டியூபையும் இழுத்துப் பார்ப்பாள். “தாலியையும் ஒருக்கா இழுத்துப் பாத்துக்க, கழண்டுக்கப் போவுது” என்பான் புருஷன் ஹரீஷ். சிரிப்பாள். பிரசவ லீவு முடிந்து இன்றைக்குத்தான் முதல் டியூட்டி, யூனிஃபார்ம் மாட்டியாயிற்று, உள்ளே நனையாமலிருக்கத் துணி மடித்து வைத்தாயிற்று, பஸ் வருவதற்குள் ஒருமுறை கொடுத்துவிட்டால் போதும், அம்மாவும் காவேரிப்பட்டினத்துக்கே திரும்பிப் போய்விட்டாள், இனிப் பகலெல்லாம் குழந்தை சாந்தம்மாவிடம்தான்.

சாந்தம்மா பக்கத்துப் போர்ஷன், கன்னடத்துக்காரி, பால் பாட்டிலைக் கழுவிக்கொண்டே கேட்டாள், “ஏனம்மா வினிதா, உன் பாப்பா குடிக்கறதுக்கு முந்தி தலைய ஒருவாட்டி பின்னால இழுக்குதே, எதுக்கு? நேத்து பாட்டில்ல குடுக்கறப்பவும் பாத்தேன்.” அப்படியா செய்கிறது… வினிதா வாயிலிருந்து மெதுவாக விடுவித்தாள், மறுபடி சேர்த்தாள், இந்தத் தடவை தன் உடம்பை அசையாமல் நிறுத்திக்கொண்டாள், அது அவ்வளவு சிரமமாக இருக்கும் என்று நினைக்கவில்லை. குழந்தை பற்றியது. குடிக்கவில்லை. கண் அவள் முகத்தில் இருந்தது, எதற்கோ காத்திருக்கிறது, வராததால் தானே தலையை ஒரு நூல் பின்னால் இழுத்தது, பிறகுதான் உறிஞ்சத் தொடங்கியது. “நோடு நோடு, பாரேன்” என்று சாந்தம்மா விழுந்து விழுந்து சிரித்தாள், “கம்பெனிக்காரி பெத்தது, டெஸ்ட் பண்ணித்தான் குடிக்கும்!” வினிதாவும் சிரித்தாள், சிரிப்பு பாதியில் நின்றது. நான் பிடித்திருக்கிறதா என்று பார்த்தேன், சரி, இது எதைப் பார்க்கிறது? பிறந்த நாளிலிருந்து ஒவ்வொரு தடவையும் கொடுத்த கையோடு எடுத்துக்கொள்ளப் போகிறவள் மாதிரி நகர்ந்திருக்கிறேன், அதற்கு அம்மா என்றாலே அதுதானோ, முதலில் விலகுவாள், அப்புறம் இருப்பாள்… இன்றைக்கு முதல் பாதி மட்டும்தான் நடக்கப்போகிறது, அது இதற்குத் தெரியுமா, தெரியாது, சாயங்காலம் வரை ஒரு நீளமான இழுப்பு என்று வைத்துக்கொண்டால்…

தெருமுனையில் ஹாரன். பட்டனைப் போட்டாள், போட்டதை இழுத்துப் பார்த்தாள், குழந்தையை நீட்டினாள். பிஞ்சுக் கை அடையாள அட்டையின் கயிற்றைப் பிடித்து ஒருமுறை இழுத்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள், பத்திரமாக, கனெக்டருக்குள் பிடித்திருக்கிற பல்லை உடைக்காமல் ஒயரைக் கழற்றுகிற மாதிரி. “போம்மா, நான் என்ன இத தின்னுடுவேனா” என்றாள் சாந்தம்மா. அவள் தோளில் குழந்தை பிசைந்த மாவாகப் படிந்தது, சாந்தம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டது. வினிதா வாசலில் நின்றாள். இப்போது இழுக்கும்… இப்போது. மறுபடி ஹாரன். இழுக்கவில்லை, சும்மா பிடித்துக்கொண்டிருந்தது. சாந்தம்மாவை நம்பிவிட்டதா, இல்லையென்றால், கழன்றால் கழலட்டும் என்கிற இடத்தில் யாருமே இழுத்துப் பார்ப்பதில்லையா? பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகும், இரண்டில் எதுவாக இருந்தால் தனக்கு நிம்மதி என்று அவளால் சொல்ல முடியவில்லை.