ஒப்பிடும் ஊர்

மீமிசல் ஆஸ்பத்திரி நர்சு அமராவதியை 1961இல் புதுக்கோட்டைக்கு அழைத்துப் புள்ளியியல் வகுப்பு எடுத்தார்கள். சராசரியும் சதவீதமும் சட்டென்று பிடிபட்டன. ஒப்பீடு என்ற பாடம்தான் நெஞ்சில் நின்றது.

"மருந்து குடுத்த ஊரை மட்டும் பாத்தா போதாதும்மா. குடுக்காத ஊரும் ஒண்ணு வேணும். அப்பத்தான் எது பலிச்சுதுன்னு தெரியும்" என்றார் புள்ளிவிவர அதிகாரி ஆத்மநாதன்.

பிறந்த குழந்தைகள் ஒரு வாரத்துக்குள் உடம்பு விறைத்துச் சாவது அந்தக் கடற்கரையில் வாடிக்கையாகியிருந்தது. தொப்புள்கொடி அறுக்கும் கத்தியில்தான் வினை என்று அமராவதி நம்பினாள். கொதிக்கவைத்த பிளேடும் நூலும் துணியும் வைத்த பொட்டலத்தை வடக்குக் குப்பத்துக்கு மட்டும் கொடுத்து, மருத்துவச்சிகளுக்கும் சொல்லித்தருவது, தெற்குக் குப்பத்தை ஒப்பிடும் ஊராக விட்டுவிடுவது என்று முடிவாயிற்று. பலன் தெரிந்தால் எல்லா ஊருக்கும் கிடைக்கும். அமராவதி தலையாட்டினாள்.

ஐப்பசியில் தெற்குக் குப்பத்துச் செங்கமலம் நிறைமாத வயிற்றோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். இரண்டு பிள்ளைகளை விறைப்பில் பறிகொடுத்தவள்.

"அங்கிட்டு எல்லாருக்கும் பொட்டலம் குடுக்குறீங்களாமே. எங்க புள்ளைக என்னங்க பாவம் பண்ணுச்சு?"

"அடுத்த வருசம் ஒங்களுக்கும் வரும், செங்கமலம்."

"எனக்கு இந்த வாரம்ங்க."

அமராவதியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒரு பொட்டலத்தை எடுத்து அவசரமாக அவள் முந்தானையில் திணித்தாள்.

ஆண் குழந்தை பிறந்தது. புதுப் பிளேடால்தான் அறுத்தார்கள். ஆனால் மருத்துவச்சி எப்போதும்போலத் தொப்புளில் சாணிச் சாம்பலை அப்பிவிட்டாள். அது கூடாதென்று சொல்ல அமராவதி அங்கே இல்லை. வடக்குக் குப்பத்தில் பிறப்புக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தாள். சில நாளில் குழந்தையின் தாடை இறுகியது. புதுக்கோட்டை பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதே செங்கமலத்தின் மடியில் அடங்கிப்போனது.

நடந்ததை அமராவதி ஆத்மநாதனிடம் மறைக்காமல் சொன்னாள்.

"இனி ரெண்டு ஊரையும் ஒப்பிட முடியாதும்மா."

"ஒரே ஒரு பொட்டலந்தாங்க சார்."

"ஒண்ணுதான்னு மேல இருக்கவங்க நம்பணுமே."

ஆய்வு நின்றது. வடக்குக் குப்பத்துக்குப் போன பொட்டலங்களும் நின்றன. கொடுக்காமல் இருந்திருந்தாலும் செங்கமலத்தின் பிள்ளை பிழைத்திருக்காது. கொடுத்ததால் இனி வடக்கிலும் சாகும். எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் கணக்கு அங்கேதான் வந்து நின்றது.

தை மாதத்தில் ஒருநாள் வடக்குக் குப்பத்துச் சேவுகன் ஓடிவந்தார்.

"பொட்டலம் இருக்குங்களா நர்சம்மா? மகளுக்கு வலி எடுத்துருச்சு."

இல்லையென்று சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரிக் கத்தரிக்கோலைக் கொதிக்கவைத்து எடுத்துக்கொண்டு அவர் பின்னால் வெயிலில் ஓடினாள். போய்ச் சேர்ந்தபோது மீன் அறுக்கும் கத்தியால் கொடியை அறுத்து முடித்திருந்தார்கள். குழந்தை நன்றாக அழுதுகொண்டிருந்தது.