பைப்பர் என்று ஒரு தடவை

டூகல் பேக்ஸ்டருக்கு ஒரே மகள், ரோனா. அவர்கள் வீட்டு வேலிக்கு இந்தப் பக்கம் என் வீடு. வேலி என்பது பேச்சுக்குத்தான். அவருடைய கோழிகள் என் முட்டைக்கோஸைத் தின்றுதான் வளர்ந்தன.

எங்கள் மட்டாவ்ரா ஆற்றோரத்து ஊரில் பேக்பைப் என்கிற தோல்பைக் குழல் ஒலிக்காமல் கல்யாணமும் இல்லை, அடக்கமும் இல்லை. கட்டம் போட்ட பாவாடை கட்டிக்கொண்டு ஊதும் ஊர் பேண்டுக்கு டூகல்தான் தலைவர். அவர் ஆட்டுச் சந்தைக்குப் போன நாட்களில், ரோனா கொட்டகைக்குப் பின்னால் நின்று அவருடைய பையை அக்குளில் இடுக்கி ஊதுவாள். நன்றாகவே ஊதுவாள், கண்ணுகளா. பேண்டில் சேர்த்துக்கொள்ளச் சொல்லி ஒருநாள் எல்லோர் முன்னாலும் கேட்டாள்.

"அது ஆம்பளைங்க பேண்டு" என்றார் டூகல்.

"பாவாடைய மட்டும் நீங்க கட்டிக்குவீங்க, குழல மட்டும் நான் தொடக்கூடாதா?"

பேண்டே சிரித்தது. டூகல் சிரிக்கவில்லை, சேர்க்கவும் இல்லை. அதற்குப் பிறகு ரோனா கேட்கவும் இல்லை. கிரெய்க்கைக் கட்டிக்கொண்டாள். வயிற்றில் இருப்பது பெண் என்று தெரிந்ததும், என் அடுப்படியில் உட்கார்ந்து எல்லோரிடமும் சொன்னாள்: "பேரு பைப்பர்." பேக்பைப் ஊதுகிறவரைத்தான் அப்படிச் சொல்வோம்.

டூகல் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "தொழில யாராவது புள்ளைக்குப் பேரா வைப்பாங்களா? உன் புருஷன் கம்பளி கத்தரிக்கிறவன்தானே. ஷியரர்னு வையேன்."

"வெச்சிருப்பேன் மாமா, உங்க பொண்ணு ஒத்துக்கல" என்றான் கிரெய்க்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "பேக்ஸ்டர்னாலே ரொட்டி சுடறவங்கன்னுதான அர்த்தம், டூகல்? நீங்க ஒரு ரொட்டியாவது சுட்டதுண்டா?"

"அது செத்தவங்க விட்டுட்டுப் போன பேரு, மேவிஸ். இது வேற." அவர் குரல் இறங்கியது. "எங்க பாட்டன் ஊர்ல பிரபு வீட்டுக்கு ஒரு பைப்பர் இருப்பான். சண்டைக்கு முன்னால நடப்பான், சாவுக்குப் பின்னால நடப்பான். அப்பன் செத்தா மகனுக்கு வரும் அந்தப் பட்டம். ஊதி ஊதி நெஞ்சு காய்ஞ்சு வாங்கணும். தொட்டில்ல போட்டுக் குடுக்கறதில்ல."

"மகளுக்கு வந்ததே இல்லையாப்பா?"

"இல்ல."

"அதனாலதான் வைக்கிறேன்" என்றாள் ரோனா.

குழந்தை இதயக் கோளாறோடு பிறந்தது. டனீடின் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. நானும் டூகலும் போயிருந்தோம். அவர் பெட்டிக்குள் ஒரு விரலை நீட்டினார். குழந்தை பிடித்துக்கொண்டது. "குட்டி" என்றார். "சின்னப் பொண்ணு" என்றார்.

"ஒரு தடவை பேரச் சொல்லிக் கூப்பிடுங்கப்பா."

"வளரட்டும். ஒரு பாட்டு ஊதட்டும். அப்புறம் ஊரே கேக்கற மாதிரி கூப்பிடறேன்."

வளரும் என்று நம்பித்தான் சொன்னார். அந்த வாரமே குழந்தை போய்விட்டது.

அடக்கத்தன்று காற்று சில்லென்று அடித்தது. பேண்டு ஆட்கள் வேலியோரம் வரிசையாக நின்றார்கள். ஜெபம் முடிந்ததும் பைப்பர் குழிக்கருகில் வாசிக்கத் தொடங்கி, வாசித்தபடியே திரும்பிப் பார்க்காமல் நடந்து போக வேண்டும். சத்தம் தேய்ந்து தேய்ந்து காணாமல் போகும். இறந்தவர் போவது அப்படித்தான் என்பார்கள்.

டூகல் ஊதத் தொடங்கினார். முதல் வரி முடிவதற்குள் உடைந்தது. அழுகிற உதடு குழலைக் கவ்வாது, செல்லங்களே. ஓரத்தில் காற்று போய்விடும். மறுபடி ஊதினார். பை அனத்தியது. யாராவது வாங்கிக்கொள்வார்களா என்று வரிசை முழுதும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது.

அவர் அவர்களைப் பார்க்கவே இல்லை. குழியைச் சுற்றி வந்து பையை மகளிடம் நீட்டினார். "நீ ஊதும்மா."

ரோனா அப்பாவைப் பார்த்தாள், பிறகு குழியோரத்தில் இருந்த அந்தச் சின்ன வெள்ளைப் பெட்டியைப் பார்த்தாள். ஊதினால் நடக்க வேண்டும். மற்ற எல்லோரும் குழிக்கருகில் நிற்கலாம். பைப்பர் நிற்க முடியாது. வாங்கினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு உதட்டை இறுக்கினாள்.

அவள் ஊதியதில் ஒரு பிசிறு இல்லை. பெற்ற பிள்ளைக்கு முதுகைக் காட்டி, கல்லறைகளுக்கு நடுவே, வாசலைத் தாண்டி, மேய்ச்சல் நிலத்துக்குள் நடந்துகொண்டே போனாள்.

டூகல் மண்டியிட்டுப் பெட்டிமேல் கையை வைத்தார். "பைப்பர்" என்றார். ஊர் கேட்கிற மாதிரி இல்லை. பக்கத்தில் நின்ற எனக்குத்தான் கேட்டது. தோள்மேல் குழல்கள் அலற, அவ்வளவு தூரத்தில் நடந்தவளுக்கு எப்படிக் கேட்கும்?

பிறகு மண்டபத்தில் எல்லோரும் சீஸ் ரோல் தின்றுகொண்டிருந்தார்கள். ரோனா கொல்லைப் படியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். பை இன்னும் மடியில் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, அப்பா பெட்டிமேல் கை வைத்துப் பேரைச் சொன்னதைச் சொன்னேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். பிறகு கேட்டாள்: "மண்ணு போடறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடிதான்டி."

"அப்ப அவளுக்குக் கேட்டிருக்கும்" என்று சொல்லி, காற்றிழந்த பையைத் தட்டிக் கொடுத்தாள்.